பழுப்பு

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். ஊ தேவராஜ், பர்மிய மரியாதையோடு 'ஊ' சேர்த்தே எல்லோரும் அழைக்கும் பெரியவர், அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"வெள்ளையா இருக்கே தம்பி," என்றார்.

"நல்ல காகிதம் சார்," என்றார் தனசேகரன்.

"அம்பத்து நாலுல போட்ட ஒப்பந்தம். எழுவது வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் போட்டிருக்கற சட்டைகூட இதைவிடப் பழுப்பா இருக்கு."

அது உண்மை. தனசேகரன் சட்டையைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

"தகரப் பெட்டியில இருந்துச்சு சார். அப்பா யாரையும் தொட விடமாட்டாரு. வெளிச்சமே படல."

"இருக்கலாம். ஆனா ஷாஹுல் பாயோடதைப் பாருங்க."

ஊ தேவராஜ் மேசை இழுப்பறையைத் திறந்து பத்துத் தாள்களை வரிசையாக வைத்தார். பத்தும் பழுப்பு. ஓரம் கொஞ்சம் கருத்து, நடுவில் கொஞ்சம் வெளுத்து, பார்த்ததுமே கைகூப்பத் தோன்றும் பழுப்பு.

தனசேகரனுக்கு வயிறு எரிந்தது. காலையில் சாப்பிட்ட மீன்குழம்பு நூடுல்ஸ், மொஹிங்கா, காரணமில்லை.

ஊ தேவராஜ் ஸ்டீமர் ஹாக்கி கிளப்பின் செயலாளர். கிளப்புக்கு இப்போது அணி கிடையாது. போட்டாதாங் பேட்டையில் ஒரு கூடமும், பல்லி ஓடும் கோப்பை அலமாரியும் மட்டும் மிச்சம். ஒரு காலத்தில் அது சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்தது. ஒவ்வொருவரோடும் ஓர் ஒப்பந்தம். மாதச் சம்பளம், வருஷத்துக்கு இரண்டு ஜோடி பூட்ஸ், மாதம் ஒரு டின் கட்டிப் பால். கீழே ஆட்டக்காரரின் கையெழுத்து.

யாங்கோனில் அந்த ஒப்பந்தங்களைச் சேர்க்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் தனசேகரன். துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் எழுத்தர். இருபது வருஷத்தில் ஆறு சேர்த்திருந்தார். ஒன்று அவருடைய அப்பாவுடையது. மற்ற ஐந்தும் தாகேதா பேட்டையில் பழைய ஆட்டக்காரர்களின் வீடுகளில் வாங்கியவை. யாராவது இறந்தால் தனசேகரன் பதினாறு நாள் பொறுப்பார். பதினேழாம் நாள் போய்க் கேட்பார்.

இன்னொருவர் ஷாஹுல். டார்ச், பேட்டரி, குடை விற்கிறவர். மூன்றே வருஷத்தில் பதினொன்று சேர்த்துவிட்டார். ஐம்பத்து நாலாம் வருஷத்து அணி முழுவதும். பதினொன்றும் பானை செய்யும் ஊரான த்வாண்டேயில், பானைகளுக்குச் சுற்றி வந்த பழைய காகிதக் கட்டுகளில் கிடைத்தன என்றார்.

அதைக் கேட்ட பிறகு தனசேகரன் ஆறு முறை த்வாண்டேக்குப் போனார். வீட்டில் இப்போது பத்தொன்பது பானைகள் இருந்தன. காகிதம் ஒன்றுகூட இல்லை.

"ஞாயித்துக்கிழமை நூறாவது வருஷ விழா," என்றார் ஊ தேவராஜ். "கண்ணாடிப் பெட்டி ஒண்ணுதான் இருக்கு. பதினொரு காகிதம் வைக்கலாம். பத்து பேரு பாயோடது, முடிவாயிடுச்சு. உங்க அப்பாவோடது மட்டும் ரெண்டு இருக்கு. பாய்கிட்ட கிளப் காப்பி. உங்ககிட்ட வீட்டுக் காப்பி."

"அப்பா எனக்குத்தானே சார் அப்பா."

"அதனாலதான் கூப்பிட்டேன். ஆனா பக்கத்துல பக்கத்துல வெச்சா பொருந்தணும். பத்துப் பேரு பழுப்பு, ஒருத்தரு வெள்ளைன்னா பாக்கறவன் என்ன நினைப்பான்? உங்க அப்பா சின்னத்தம்பி நேத்துத்தான் டீம்ல சேர்ந்தாருன்னு நினைப்பான்."

"அப்ப என்ன சார் பண்ணணும்?"

"யாபாதே, பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத்தான் பெட்டியைப் பூட்டறோம். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம். எது பழசாத் தெரியுதோ அது. பக்கத்துல ஒரு அட்டை வெப்போம். கொடுத்தவர் பேரு போட்டு."

தனசேகரன் தாளை வாங்கிக்கொண்டார். கீழே, நீல மசியில், தமிழில் சின்னத்தம்பி என்றிருந்தது. கடைசி எழுத்தின் கொக்கி ஹாக்கி மட்டையைப் போல வளைந்திருந்தது. அப்பா வேறெங்கும் கையெழுத்துப் போட்டதில்லை. வேலை பார்த்த கிடங்கில் கைநாட்டு வைத்தார். கல்யாணப் பதிவிலும் கைநாட்டு. இந்த ஒப்பந்தத்துக்காக ஒரு மாதம் எழுதிப் பழகினாராம். அதன்பிறகு தேவைப்படவில்லை.

*

ஷாஹுலின் கடை வழியில்தான் இருந்தது. வேறு வழியும் இருந்தது. தனசேகரன் இந்த வழியில் போனார்.

"வாங்க வாங்க, கோல்கீப்பர் மகனே," என்றார் ஷாஹுல். "உள்ள வாங்க. வெயிலு."

ஊரில் மின்சாரம் போகப் போக ஷாஹுலின் வியாபாரம் வளர்ந்திருந்தது. கடையில் எட்டுப் பேர் டார்ச் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தனசேகரன் எண்ணினார். எண்ணுவது அவர் தொழில்.

கடைக்குப் பின்னால் வீடு. கூடத்துச் சுவரில் பத்துச் சட்டங்கள் இருந்த இடம் காலியாக இருந்தது. ஒரே ஒரு சட்டம் மட்டும் மாட்டியிருந்தது. சின்னத்தம்பி, கோல்கீப்பர்.

"நிறத்தைப் பாத்தீங்களா?" என்றார் ஷாஹுல். "கருப்பட்டி மாதிரி."

தனசேகரன் பார்த்தார். கொக்கி வளைந்த அதே கையெழுத்து. ஆனால் பழுப்புக் காகிதத்தின் மேல் அது வேறு மனிதரின் கையெழுத்து போல, பெரிய மனிதரின் கையெழுத்து போல இருந்தது. தன் வீட்டில் இருப்பதைவிட இந்த வீட்டில் அப்பாவுக்கு வயது அதிகம் என்று தோன்றியது.

தப்பு அவருடையதுதான். போன தீபாவளிக்கு ஷாஹுல் பலகாரம் சாப்பிட வந்தபோது, பெருமைக்காகத் தகரப் பெட்டியைத் திறந்து காட்டியது அவர்தான். ஷாஹுல் அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளப் காப்பி எங்காவது கண்ணில் பட்டால் அடையாளம் தெரியட்டும் என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். நாலு மாதத்தில் கண்ணில் பட்டுவிட்டது. தனசேகரனுக்கு இருபது வருஷமாகப் படாதது.

"செயலாளர் கூப்பிட்டாராமே?" என்றார் ஷாஹுல்.

"ம்."

"உங்களோடது வெள்ளையா இருக்குன்னாரா?"

"யாரு சொன்னா?"

"சொல்லணுமா என்ன. தம்பி, ஒண்ணு சொல்றேன். பெட்டியில என் காகிதம் இருந்தா என்ன, உங்க காகிதம் இருந்தா என்ன. உங்க அப்பா என் வீட்டுல இருக்காரு. எப்ப வேணும்னாலும் வந்து பாத்துட்டுப் போங்க. நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

ஷாஹுலின் மனைவி ஜைனப் உள்ளேயிருந்து ஆரஞ்சு கிரஷ் கொண்டுவந்தார். அடுப்படியில் பெரிய கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் எப்போது வந்தாலும் கெட்டில் கொதிக்கும். எப்போது வந்தாலும் விருந்தாளிக்குக் கிரஷ்தான் வரும். தேநீர் கொடுக்கிற அளவுக்குத் தன்னை மதிக்கவில்லை என்று தனசேகரன் எடுத்துக்கொண்டார்.

"குடிங்க தம்பி," என்றார் ஜைனப். "முகம் வாடியிருக்கு."

"ஒண்ணுமில்லக்கா."

கிரஷ் இனிப்பாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

*

"வெயில்ல வெச்சா பழுக்கும்," என்றார் தனசேகரன்.

"மாங்காயா?" என்றாள் புஷ்பலதா.

"காகிதம்."

அவர்கள் நாலாம் மாடியில் குடியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தனசேகரன் பால்கனியில் ஒரு பானையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒப்பந்தத்தை விரித்து, நாலு மூலையிலும் புளியங்கொட்டை வைத்தார். பங்குனி வெயில். கிடங்குக்குப் போனார். மூட்டை எண்ணும்போது மூன்று தடவை தவறினார். ஒவ்வொரு தடவையும் பதினொன்றில்.

மாலையில் வந்து பார்த்தார். தாள் சுருண்டு, மூங்கில் குழல் போல நின்றது. விரித்தார். இன்னும் வெளுத்திருந்தது.

"துணியும் வெயில்ல வெளுக்கத்தானே செய்யும்," என்றாள் புஷ்பலதா.

"காலையிலயே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க என்கிட்டயா கேட்டீங்க? வானத்தைப் பாத்துச் சொன்னீங்க."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாம்பாரைப் பார்த்தார். அதன் நிறம் சரியாக இருந்தது.

"பாய் இதை எப்படிப் பாத்துக்கறாருன்னு தெரியல," என்றார்.

"மறுபடியும் பாயா? இருபத்தாறு வருஷமா உங்ககூட இருக்கறது நான். என்னைப் பத்தி இப்படி ஒரு நாள் யோசிச்சிருப்பீங்களா?"

"உன்னை வேற யாரும் சேக்கலையே."

புஷ்பலதா கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் சொன்னதை அவரே ஒரு முறை மனதுக்குள் கேட்டுப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டார்.

*

சுருண்ட தாளை நேராக்க வேண்டும். இஸ்திரி போடுவது என்று முடிவானது. அவர்கள் தெருவுக்குச் சனிக்கிழமை ஒரு மணிக்குத்தான் மின்சாரம். ஒன்றாவதற்கு முன்பே இஸ்திரிப் பெட்டியைச் செருகி, தாளின் மேல் துண்டைப் போட்டு, துண்டின் மேல் பெட்டியை வைத்துக்கொண்டு தனசேகரன் காத்திருந்தார்.

ஒன்று பத்துக்கு மின்சாரம் வந்தது. அதே நேரம் கீழேயிருந்து அரிசிக்காரன் கூப்பிட்டான். அரிசி மூட்டையை நாலு மாடி ஏற்றிவிட்டு வந்தபோது வீட்டில் தீய்ந்த வாசனை.

துண்டு ஒரு பக்கம் நழுவியிருந்தது. தாளின் வலது மூலையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்திருந்தது.

தனசேகரன் அதை உற்றுப் பார்த்தார்.

"புஷ்பா. இங்க வா. இந்த நிறம்தான்."

அவள் வந்து பார்த்தாள்.

"முக்கோணமா இருக்கே."

"நிறத்தைப் பாரு. அப்படியே பாயோட நிறம்."

"பாய் வீட்டுது முக்கோணமாவா இருக்கு?"

இல்லை. அங்கே தாள் முழுவதும் அந்த நிறம். இனி வேறு வழியில்லை. முக்கோணத்தைப் போக்க முடியாது. மிச்சத்தை முக்கோணத்தின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

தெருமுனைக் கடையில் போய் உட்கார்ந்து யோசித்தார். மேசையில் வழக்கம்போல வெறுந் தேத்தண்ணிக் கெட்டில் இருந்தது. இலையைப் போட்டுக் கொதிக்கவைத்த மஞ்சள் தண்ணீர். எல்லா மேசையிலும் இருக்கும், எவ்வளவு குடித்தாலும் காசு கேட்கமாட்டார்கள். ஒரு கோப்பையில் ஊற்றினார். விரலை முக்கினார். விரலைப் பார்த்தார்.

சரியாக வரலாம். ஆனால் இலவசம். எழுபது வருஷம் கழித்து அப்பாவுக்கு ஒன்று செய்கிறோம், அதை ஓசித் தேத்தண்ணியில் செய்வதா? ஷாஹுல் மாதிரி ஒரு மனிதரை ஓசித் தேத்தண்ணியை வைத்தா ஜெயிப்பது?

"பால் டீ பார்சல்," என்றார். "மூணு. டிகாக்‌ஷன் தூக்கலா. பாலும் தூக்கலா."

வீட்டில் புஷ்பலதா மூன்று பொட்டலங்களையும் பார்த்தாள்.

"யாருக்கு இவ்வளவு டீ?"

"அப்பாவுக்கு."

"அவங்க போயி இருபத்தெட்டு வருஷமாச்சு."

"தட்டு கொடு. அகலமானது."

தாளைத் தட்டில் வைத்தார். மேலே தேநீரை ஊற்றினார். ஒரு நிமிடத்தில் ஓரம் நிறம் பிடித்தது. ஐந்து நிமிடத்தில் முக்கோணம் மறைந்தது. தனசேகரன் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் இப்படிச் சிரித்துப் புஷ்பலதா பார்த்தது குறைவு.

"கையெழுத்து கொஞ்சம் நகர்ற மாதிரி இருக்குங்க," என்றாள்.

"பழசுன்னா அப்படித்தான் இருக்கும்."

தாளைத் தூக்கிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். கையெழுத்து கொஞ்சம் தடித்திருந்தது. கொக்கி மட்டை போல இல்லாமல் கொழுக்கட்டை போல இருந்தது. ஆனால் தாளின் நிறம் ஷாஹுலின் நிறத்தைவிட ஒரு படி மேல். அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்து பார்த்தபோது தாள் கறுப்பாக இருந்தது. கறுப்பு அசைந்தது.

எறும்புகள் பால்கனிச் சுவரிலிருந்து கொடிக்கு ஏறி, கொடியில் வரிசையாக நடந்து, கிளிப் வழியே ஒப்பந்தத்துக்குள் இறங்கியிருந்தன. முதல் பத்தியைத் தாண்டி, சம்பளத்தைத் தாண்டி, பூட்ஸைத் தாண்டி, கட்டிப் பால் என்று எழுதியிருந்த வரியில் கூட்டமாக நின்றன.

புஷ்பலதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமாவுக்கு எழுதின பால் டின்னு இப்பத்தான் வந்து சேந்திருக்கு," என்றாள்.

தனசேகரன் ஊதினார். எறும்புகள் இறுகப் பிடித்துக்கொண்டன. தட்டினார். தாள் ஈரமாகப் பிசுபிசுத்தது. தரையில் விரித்து, ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாக மெதுவாகத் துடைத்தார். எறும்புகள் போயின. துணியைத் தூக்கிப் பார்த்தார். துணியில் நீலம் இருந்தது.

தாளைப் பார்த்தார். கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு மேகம் இருந்தது. கொக்கி இருந்த இடத்தில் ஓர் எறும்பு செத்திருந்தது.

அவர் உட்கார்ந்துவிட்டார். புஷ்பலதாவும் உட்கார்ந்தாள்.

"நீங்களே போட்டுருங்களேன்," என்றாள் பிறகு. "உங்களுக்குத் தெரியாத கையெழுத்தா?"

அவர் பழைய நோட்டில் எழுதிப் பார்த்தார். சின்னத்தம்பி. சின்னத்தம்பி. மூட்டைக் கணக்கு எழுதும் கை. எல்லாம் வரிசையாக, அடக்கமாக வந்தது. கொக்கி வளையவில்லை. நாற்பது தடவை எழுதினார். அப்பா ஒரு மாதம் பழகினார் என்பது நினைவுக்கு வந்தது. பேனாவை மூடினார்.

"வரல," என்றார். "அது அவருக்குத்தான் வரும்."

"விடுங்க. பாய்கிட்ட ஒண்ணு இருக்கில்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் அது உண்மை. அப்பாவின் கையெழுத்து உலகத்தில் இனி ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அது ஷாஹுலின் சுவர். இவ்வளவு நாள் பெட்டியில் எது இருக்கும் என்பது கேள்வியாக இருந்தது. இப்போது அப்பா யாரிடம் இருப்பார் என்பது கேள்வி.

தகரப் பெட்டியைத் திறந்தார். மிச்ச ஐந்து ஒப்பந்தங்களையும் எடுத்தார். ஐந்தும் வெள்ளை. ஐந்து பதினேழாம் நாள்கள். கெட்டுப்போன தாளைச் செய்தித்தாளில் சுற்றினார். அதை ஏன் எடுத்துக்கொள்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டில் விட்டுப்போக மனமில்லை.

"எங்க போறீங்க?"

"அப்பாவைக் கூட்டிட்டு வர."

*

ஷாஹுல் புதுக் கைலியும் வெள்ளைச் சட்டையும் அத்தருமாக இருந்தார். வாசலில் சைக்கா, அந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷா, காத்திருந்தது. ஊ தேவராஜிடம் கொடுப்பதற்காகச் சின்னத்தம்பியின் சட்டத்தைக் கையில் எடுத்திருந்தார்.

"பாய்," என்றார் தனசேகரன். "அஞ்சையும் தர்றேன். அப்பாவை மட்டும் கொடுங்க."

ஷாஹுலுக்குப் புரியவில்லை. தனசேகரன் ஐந்து தாள்களையும் மேசையில் வைத்தார்.

"உங்களோடது என்னாச்சு?"

"கெட்டுப்போச்சு."

"எப்படி?"

"நான்தான்."

ஷாஹுல் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். முதல் தாளை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். காகிதத்தின் உள்ளே கிளப்பின் நங்கூரச் சின்னம் நிழல் போலத் தெரிந்தது. விரல் நகத்தால் கையெழுத்தின் மேல் மெதுவாகத் தடவினார். பேனா அழுத்திய பள்ளம் நகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு முறை தடவினார்.

"இதெல்லாம் எங்க கிடைச்சுது தம்பி?"

"தாகேதாவுல. அவங்கவங்க வீட்டுல."

"அவங்க பிள்ளைங்க கையால கொடுத்தாங்களா?"

"ஆமா."

ஷாஹுல் ஐந்தையும் பார்த்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. தனசேகரன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவருக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறார். பதினொன்று வைத்திருக்கிற மனிதர் ஐந்தைப் பார்த்து ஏன் அப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் புரியவில்லை.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார் ஷாஹுல். "அஞ்சுக்கு ஒண்ணு. பின்னால வருத்தப்படக் கூடாது."

"அந்த ஒண்ணு எங்கப்பா."

ஷாஹுல் ஏதோ சொல்லப் போவது போல வாயைத் திறந்தார். தாள்களைப் பார்த்தார். வாயை மூடினார். ஐந்தையும் அடுக்கி, சட்டைக்குள், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"சரி. அவரு இனிமே உங்க சொத்து. நான் முன்னால போயி தேவராஜ்கிட்ட சொல்லிடறேன், சின்னத்தம்பிக்கு உங்க பேரையே அட்டையில போடச் சொல்லி. பத்து மணிக்குள்ள வந்துருங்க." வாசல்வரை போய்த் திரும்பினார். "ஜைனப், தம்பிக்கு அதைத் துடைச்சுக் கட்டிக் கொடு."

சைக்கா மணியடித்துக்கொண்டு போனது.

தனசேகரன் சட்டத்தைக் கையில் எடுத்தார். பழுப்புத் தாள். கொக்கி அப்படியே வளைந்திருந்தது. எறும்பு இல்லை. மேகம் இல்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் வயிறு எரியவில்லை. ஷாஹுல் நல்ல மனிதர் என்றுகூட நினைத்தார். இத்தனை நாள் இந்த வீட்டில் வந்து உட்கார்ந்து மனதுக்குள் என்னவெல்லாம் சொல்லிக்கொண்டோம் என்று வெட்கமாக இருந்தது.

ஜைனப் துணியும் நூலும் கொண்டுவந்தார். கண்ணாடியைத் துடைத்தார். தனசேகரனின் பக்கத்தில் இருந்த செய்தித்தாள் பொட்டலத்திலிருந்து எறும்புகள் மேசையில் இறங்கிக்கொண்டிருந்தன.

"அது என்ன தம்பி? பலகாரமா?"

"இல்லக்கா. என்னோட காகிதம்." ஒளிக்க இனி என்ன இருக்கிறது என்று பொட்டலத்தைப் பிரித்தார். "பழசாத் தெரியட்டும்னு டீயில போட்டேன்."

ஜைனப் தாளை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினார். முகர்ந்து பார்த்தார்.

"பால் ஊத்துனதா?"

"ஆமாக்கா."

"பால்ல போட்டா எறும்பு வரத்தானே செய்யும். வெறுந் தேத்தண்ணின்னா வராது." தாளைத் திருப்பி, நீல மேகத்தை வெளிச்சத்தில் பார்த்தார். உச்சுக் கொட்டினார். சமையலில் உப்பைத் தவறிப் போட்ட சின்னப் பெண்ணிடம் கேட்பது போலக் கேட்டார்.

"என்ன தம்பி, கையெழுத்துப் போட்டு முடிச்ச பெறகா முக்குனீங்க? எங்கூட்டுல அவுஹ முதல்ல முக்கிக் காயவெச்சிட்டு, அதுக்கு மேலதானே கையெழுத்துப் போடுவாஹ?"